கரையைக் கடந்தது என்றால்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நான் பெரிய பயந்தாங்கொள்ளி. அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள இந்தச் சின்ன ஊருக்கு வந்து பதினோரு வருடமாகிறது. இன்றைக்கும் காலையில் எழுந்ததும் நான் தேடுவது காப்பியை இல்லை. நாகப்பட்டினத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதைத்தான்.

என் கணவர் அருள் பூதலூர்க்காரர், நெல் விளைகிற வீட்டுப் பிள்ளை. இங்கே பஸ் ஓட்டுகிறார். அவருக்கு ரேடியோவில் வேண்டியது ஒரே ஒரு செய்தி, கல்லணையில் எத்தனை கன அடி தண்ணீர் திறந்தார்கள் என்பது. கூடினாலும் "ம்", குறைந்தாலும் "ம்". அதோடு டீயைக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். எனக்கு அப்படி வாய்க்கவில்லை. நான் கடற்கரையில் பிறந்தவள். செய்தி வாசிப்பவர் "வங்கக் கடலில்" என்று ஆரம்பித்தாலே கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவேன்.

"உனக்குப் பயப்படுறதுக்கு தினம் ஒரு சாக்கு வேணும் செல்வி. அதுக்கு ஒரு ரேடியோ, அந்த ரேடியோவுக்கு ஒரு போன்" என்பார் அருள்.

இருக்கட்டும். ஊரில் இருப்பவர்கள் இதைப் படிப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். போன வருடம் நம் கரையில் அடித்த புயலுக்கு இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அன்று நான் செய்த ஒரு காரியத்தை தம்பி குடும்பத்தையும் என் வீட்டில் இருப்பவர்களையும் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

2

நம் ரேடியோவை இங்கே கேட்பது லேசான காரியமில்லை.

ஊர்ப்பக்கத்து நிலையம் ஒன்று இணையத்திலும் ஒலிபரப்புகிறது. அதற்கு ஒரு செயலி உண்டு. இங்கே அதைத் திறந்தால், "மன்னிக்கவும், இந்த ஒலிபரப்பு உங்கள் பகுதியில் கிடைக்காது" என்று ஒரு வரி வரும். ஏன் கிடைக்காது என்று கேட்டு மின்னஞ்சல் போட்டேன். பல வாரம் கழித்து ஒரு புண்ணியவான் பதில் எழுதினார். சினிமாப் பாட்டுகளுக்கு இந்தியாவுக்குள் ஒலிபரப்ப மட்டும்தான் உரிமை வாங்கியிருக்கிறார்களாம். பாட்டு எனக்கு வேண்டாம் ஐயா, மீனவர்களுக்கான வானிலை அறிவிப்பை மட்டுமாவது திறந்துவிடுங்கள் என்று மறுபடியும் எழுதினேன். அதற்குப் பதில் இன்றுவரை வரவில்லை. யாரோ ஒரு கதாநாயகன் காதலியை நினைத்து உருகுவதால், என் ஊரில் கடல் கொந்தளிக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியக் கூடாது. இதை என்னவென்று சொல்ல!

வழி கண்டுபிடித்தவள் என் மகள் ஜெனி. அப்போது அவளுக்குப் பத்து வயது. போனில் ஏதோ விபிஎன் என்று ஒன்றைப் போட்டு, ஒரு பொத்தானை அமுக்கி, "அம்மா, இனிமே நீ மும்பையில இருக்கே" என்றாள். அன்றிலிருந்து நான் செய்தி கேட்கும்போதெல்லாம் மும்பைவாசி. நடுவில் வரும் விளம்பரங்கள்கூட அந்த ஊர் அடுக்குமாடி வீடுகளைப் பற்றியவை.

அதற்கும் பயந்தேன் என்றால் சிரிப்பீர்கள். அப்போது எங்கள் குடியுரிமை விண்ணப்பம் அலுவலகத்தில் கிடந்தது. நன்னடத்தை பற்றி ஒரு பக்கம் முழுக்கக் கேள்வி. மும்பையில் இருப்பதாகப் பொய் சொல்லி ரேடியோ கேட்பது எந்தக் கட்டத்தில் வரும் என்று தெரியாமல் அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். இங்கே போலீசை கார்டா என்பார்கள். "ஆமாமா, கார்டா வந்து கதவைத் தட்டி, ஏம்மா நீ மேகமூட்டம் கேட்டியான்னு விசாரிப்பான்" என்று அருள் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இன்னொரு கண்டம் பாக்கி இருந்தது. அந்தச் செயலி மாதத்துக்கு ஒரு முறையாவது நம்மை வெளியே தள்ளிவிடும். திரும்ப உள்ளே போக இந்திய எண்ணுக்கு ஓடிபி வரும். என்னுடைய பழைய சிம் செத்துப்போகக் கூடாது என்று, தம்பி மனைவி ராணியின் போனில் இரண்டாவது இடத்தில் போட்டு வைத்திருந்தேன். ஆகவே எனக்கு ஓடிபி வேண்டுமென்றால் ராணியைக் கூப்பிட வேண்டும். "அண்ணி, எழுதிக்கிங்க" என்று ஒவ்வோர் எண்ணாகச் சொல்லுவாள். அவள் வீட்டுக்கு எதிரில் கடல். அவள் நின்று பார்த்தாலே காற்று எப்படி என்று சொல்லிவிடலாம். அவளை எண் கேட்டுத் தொந்தரவு செய்து, அதைப் போட்டு, மும்பை வழியாகச் சுற்றிப் போய், அவள் வாசலில் என்ன காற்று அடிக்கிறது என்று நான் கேட்பேன்.

3

ராணி என் தம்பி முருகனின் மனைவி. முருகன் வருடத்தில் பாதி நாள் கொச்சிப் பக்கம் விசைப்படகில் தங்கல் தொழிலுக்குப் போய்விடுவான். ஒரு தடவை கடலுக்குள் போனால் பத்து நாள், பதினைந்து நாள் அங்கேயே தங்கி மீன் பிடிப்பது. ராணியும் அவர்களுடைய நான்கு வயதுப் பெண் தேன்மொழியும் மட்டும் வீட்டில். கரையிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம் ஆகாது.

அந்தக் கரையில்தான் என் அம்மா போனாள். இரண்டாயிரத்து நான்கு டிசம்பர், அந்த ஞாயிற்றுக்கிழமை. நான் தஞ்சாவூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். விடுதிக் காவலர் அறையில் ஒரு ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். துணி காயப்போடப் போனவள், கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று அதில் சொன்னதைக் கேட்டேன். சொல்கிறவருக்கே அது புரியவில்லை என்று குரலில் தெரிந்தது. நாகப்பட்டினத்துக்கு பஸ் இல்லை, போன் போகவில்லை. மறுநாள் மாலைவரை அந்த அறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், எனக்கு ரேடியோ பொழுதுபோக்கு இல்லை. கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது என்று ஒரு நம்பிக்கை. நர்ஸ் வேலை பார்க்கிறவளுக்கு இது எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரியும். தெரிந்தும் விட முடியவில்லை.

அதோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுக்கு வந்துவிட்டால் ஊரில் நமக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. எந்த மாத்திரை சாப்பிடலாம், பிள்ளையை எந்தப் பள்ளியில் போடலாம், எல்லாவற்றுக்கும் "அண்ணிகிட்ட கேளு". நானும் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறேன். தெரிந்ததற்கும் சொன்னேன், தெரியாததற்கும் சொன்னேன்.

4

புயல் வந்த நாள் சனிக்கிழமை. நான் வேலை பார்ப்பது முதியோர் பராமரிப்பு இல்லத்தில். காலை எட்டு மணிக்கு ஷிப்ட். போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும், இடைவேளையில்தான் எடுக்கலாம்.

முதல் நாளே ராணியும் குழந்தையும் புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விட்டார்கள். கரையோர வீடுகளை எல்லாம் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. துறைமுகத்தில் எட்டாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள். இங்கே புயல் எச்சரிக்கைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம். ஜெனிக்கு அந்த நிறங்கள் அத்துப்படி. கூண்டு என்றால் அவளுக்குக் கிளிக்கூண்டுதான்.

ஆனாலும் அவளைத்தான் காவலுக்கு வைத்துவிட்டுப் போனேன். பள்ளி இல்லாத நாள். "லேப்டாப்புல ரேடியோவை ஓடவிட்டுக் கேட்டுக்கிட்டே இரு. ஏதாவது புதுசா சொன்னா எனக்கு மெசேஜ் போடு" என்றேன்.

"அம்மா, அவங்க ரொம்ப ஃபாஸ்ட்டா பேசுறாங்க. எனக்குப் பாதிதான் புரியும்."

"புரிஞ்ச பாதியைப் போடு."

இப்படித்தான் சொன்னேன். இந்த வார்த்தையை நான் மறக்கவே மாட்டேன்.

பத்து மணிக்கு இடைவேளை. ஊரில் அப்போது மதியம் மூன்றரை. அலமாரியைத் திறந்து போனைப் பார்த்தால் ஜெனியின் செய்தி. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாள்: "அம்மா, புயல் தாண்டிப் போச்சு. நியூஸ்ல சொல்லிட்டாங்க. பயப்படாதே."

அப்பாடா என்று அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே ராணியைக் கூப்பிட்டேன். அதிசயமாக ஒரே அடியில் கிடைத்தாள்.

"ராணி, புயல் தாண்டிடுச்சாம்! ரேடியோவுல சொல்லிட்டாங்க."

"அப்படிங்களா அண்ணி? ஆமா, இங்கயும் காத்து நின்னுபோச்சு. இவ்வளவு நேரம் கூரையே பிச்சுக்கிட்டுப் போற மாதிரி அடிச்சிச்சு, இப்ப ஒரு இலை அசையல. வி.ஏ.ஓ. மட்டும் யாரும் வெளிய போவாதீங்கன்னு கத்திக்கிட்டு நிக்கிறாரு."

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க, அவங்களுக்குப் பொறுப்பு இருக்குல்ல. இனிமே பயமில்ல."

"அப்ப நான் ஒரு எட்டு வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன் அண்ணி. அவசரத்துல ஃபைலைப் பரண் மேலயே வச்சிட்டு வந்துட்டேன். ஆதாரு, ஸ்மார்ட் கார்டு, பாப்பா பிறப்புச் சான்றிதழ், எல்லாம் அதுலதான் இருக்கு. நனைஞ்சா அவ்வளவுதான்."

சுனாமிக்குப் பிறகு நிவாரணம் வாங்கப் போன இடத்தில், நீ இன்னார் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கப்பட்ட ஊர் எங்களுடையது. அந்த ஃபைல் எங்களுக்கு வீட்டை விடப் பெரிது. அதனால் எனக்கு அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

"சரி, பார்த்துப் போயிட்டு வா. பாப்பாவை யாருகிட்டயாவது விட்டுட்டுப் போ" என்றேன்.

5

இடைவேளை முடிய ஐந்து நிமிடம் இருந்தது. நல்ல செய்தியை என் காதாலும் கேட்கலாம் என்று, துணிகள் அடுக்கி வைக்கும் அறைக்குள் போய் ஒரு காதில் இயர்போனை மாட்டினேன். ஆசைதான், வேறொன்றுமில்லை.

அந்தப் பெண் குரல் நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தது. புயலின் முன்பகுதி கரையைக் கடந்தது. முழுமையாகக் கரையைக் கடக்க மேலும் இரண்டு மணி நேரம் ஆகும். மையப் பகுதி கடக்கும் இடங்களில் காற்று ஓய்ந்துவிட்டதுபோல் தோன்றும். சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மீண்டும் பலமான காற்று வீசும். காற்று ஓய்ந்ததை நம்பிப் பொதுமக்கள் வெளியே வர வேண்டாம்.

கரையைக் கடந்தது என்றால் தாண்டிப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. கடலில் இருந்தது ஏறி ஊருக்குள் வருகிறது என்று அர்த்தம். கடற்கரையில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். ஜெனிக்குத் தெரியாது. அவள் கேட்ட வார்த்தை "கடந்தது". எனக்கு அனுப்பிய வார்த்தை "தாண்டிப் போச்சு". அதை நான் ராணிக்கு அப்படியே கொடுத்துவிட்டேன்.

ராணியைக் கூப்பிட்டேன். நீங்கள் தொடர்புகொள்ளும் எண் தற்போது எல்லைக்கு வெளியே உள்ளது. மறுபடி. மறுபடி. வாட்ஸப்பில் "போகாதே, வெளியே போகாதே, திரும்பி வா" என்று அடித்தேன். ஒற்றை டிக் விழுந்தது, இரண்டாவது விழவில்லை. பக்கத்து வீட்டுக் கலா அக்கா எண்ணுக்குப் போட்டேன், அதுவும் போகவில்லை. டவர் விழுந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது.

மிச்சமிருந்தது ரேடியோ ஒன்றுதான். அதில் அவள் பெயரையா சொல்லப் போகிறார்கள்? ஆனாலும் திறந்தேன். சொல்லிவைத்தாற்போல் செயலி என்னை வெளியே தள்ளியிருந்தது. உங்கள் எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது என்றது. அந்த எண் ராணியின் போனில். ராணி அந்தக் காற்றுக்குள். நான் புத்தி பேதலித்தவள் போல "மீண்டும் அனுப்பு" என்பதை அமுக்கிக்கொண்டே இருந்தேன். எங்கேயாவது அவள் போன் ஒரு தடவை அதிர்ந்தால், எடுத்துப் பார்த்தால், என்னைக் கூப்பிட்டால், என்று ஏதோ ஒரு கணக்கு. ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, அதிக முயற்சிகள் செய்துவிட்டீர்கள், நாளை முயலவும் என்று அதுவும் அடைத்துக்கொண்டது.

வேலையை விட்டுப் போக முடியாது. அன்று ஆள் குறைவு. பன்னிரண்டு முதியவர்களுக்கு மருந்து கொடுத்தேன், ஒவ்வொரு பெயரையும் இரண்டு தடவை சரிபார்த்துக் கொடுத்தேன். ஒரு கிழவி, "உன் முகம் ஏன் சுண்ணாம்பாட்டம் இருக்கு?" என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

எங்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. டாக்டர் போனில் ஒரு மருந்தைச் சொன்னால், நம் வார்த்தையில் மாற்றிச் சொல்லக் கூடாது. கேட்டதை அப்படியே, ஒரு சொல் மாறாமல், அவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் ஆம் என்ற பிறகுதான் எழுத வேண்டும். பதினோரு வருடத்தில் ஒரு நாள் நான் இதில் தவறியதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். முன்பின் தெரியாத கிழவருக்குப் பாதி மாத்திரை கூடிவிடக் கூடாது என்று இவ்வளவு பார்க்கிறவள், என் தம்பி மனைவியிடம் என்ன செய்தேன்? மகளிடம், நியூஸில் என்ன வார்த்தை சொன்னார்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். இங்கே தவறு நடந்தால் நிரப்ப ஒரு படிவம் உண்டு. என்ன நடந்தது, யாருக்கு, எத்தனை மணிக்கு, நீங்கள் உடனே என்ன செய்தீர்கள். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கேள்விகளுக்கு மனதுக்குள் பதில் சொன்னேன். கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

மதிய இடைவேளையில் முருகன் கூப்பிட்டான். கொச்சித் துறைமுகத்தில் படகைக் கட்டிவிட்டு நிற்கிறான்.

"அக்கா, ராணி போன் போவல. நீ பேசினியா?"

"மூணரை மணிக்குப் பேசினேன்டா. மையத்துலதான் இருந்தா. நல்லாத்தான் இருந்தா."

"பாப்பா?"

"பாப்பாவும் நல்லாருக்கு."

பொய் ஒன்றும் சொல்லவில்லை பாருங்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். "நீ பேசிட்டேன்னா சரிக்கா, எனக்கு நிம்மதி" என்று சொல்லி வைத்துவிட்டான். அந்த நிம்மதி என்ற வார்த்தையைக் கேட்டு எனக்கு வாந்தி வந்தது. உண்மையாகவே வந்தது.

6

நான்கு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் முருகன் மறுபடியும் கூப்பிட்டான். எடுக்கவே பயம். மணி அடித்து நின்று, இரண்டாம் முறை அடித்தபோதுதான் எடுத்தேன்.

"அக்கா, ராணி கெடச்சிட்டா."

கிடைத்துவிட்டாள் என்றால் உயிரோடா என்று கேட்காமல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"உசுரோட இருக்காக்கா. கை ஒடைஞ்சிருக்கு. ஏலக்கூடத்துல கெடந்திருக்கா. பசங்க தூக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கானுங்க. அவ எதுக்குக்கா வெளிய போனா? மையத்துல இருந்தான்னு சொன்னியே."

நடந்தது இதுதான். வீட்டுக்குள் போய்ப் பரணில் ஏறி ஃபைலை எடுத்துவிட்டாள். வெளியே வந்து பாதி தூரம் நடப்பதற்குள், இம்முறை கடல் பக்கமிருந்து காற்று வந்து அறைந்திருக்கிறது. எதிரில் ஆஸ்பெஸ்டாஸ் ஓடுகள் பறந்து வந்தன. மீன் ஏலம் விடும் கூடத்தின் சிமெண்ட் மேடைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் படுத்துவிட்டாள். போகிற வழியில் ஏதோ ஒன்று வலது கையில் விழுந்து மணிக்கட்டுக்கு மேலே முறிந்திருக்கிறது. ஒடிந்த கையோடு, ஃபைலை வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அங்கே கிடந்திருக்கிறாள். மையத்தில் தேன்மொழி அம்மா எங்கே என்று அழுதுகொண்டே இருந்ததாம்.

முருகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜெனியின் செய்தி, நான் சொன்னது, பார்த்துப் போயிட்டு வா என்றது வரை. அவனுக்குப் பின்னால் துறைமுகத்தின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீ சொல்லலேன்னாலும் அவ ஃபைலுக்குப் போயிருப்பாக்கா" என்றான் கடைசியில்.

போயிருக்க மாட்டாள். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான்கு நாள் கழித்து ராணியே பேசினாள். அழுதேன், மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க அண்ணி, என் நேரம்" என்றாள். பிறகு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். வி.ஏ.ஓ. கையைப் புடிச்சு நிறுத்துனாரு. எங்க அண்ணி வெளிநாட்டுல இருக்காங்க, ரேடியோ கேட்டுட்டுச் சொல்றாங்க, உங்களுக்கு என்ன தெரியும்னு அவரை ஏசிட்டுப் போனேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தக் கை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. மீன் கூடையை இடது கையால்தான் தூக்குகிறாள்.

7

ஜெனியிடம் அன்று நான் நடந்துகொண்டதும் நன்றாக இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினேன். "வாராவாரம் தமிழ்ப் பள்ளிக்கூடம் போய் என்னத்தைக் கிழிச்சே? கரையைக் கடந்ததுன்னா தாண்டிப் போச்சா?"

அவள் விழித்தாள். "கடந்த வாரம்னா போன வாரம். கடந்த மாசம்னா போன மாசம். கடந்த காலம்னா முடிஞ்சுபோன காலம்னு டீச்சர் சொன்னாங்க. அப்ப கடந்ததுன்னா முடிஞ்சுபோச்சுதானே?"

அவள் சொல்வதில் எங்கே பிழை? நானும் பல வருடம் கேட்ட சொல்தான், ஒரு நாளும் நின்று யோசித்ததில்லை. அவள் விடவில்லை. "கடக்குதுன்னா எங்கேயிருந்து எங்கே, அம்மா? யார் நிக்கிற பக்கத்துலேர்ந்து சொல்றாங்க?"

"கடல்லேர்ந்து, நம்ம பக்கம்."

"அப்ப, வருதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

அருள் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அத்தையின் கையைப் பற்றி மெதுவாகச் சொன்னார். அவள் முகம் சுருங்கியது. என்னாலயா, என்னாலயா என்று கேட்டுக்கொண்டே அழுதாள். இல்லை, புரிந்த பாதியைப் போடு என்று சொன்னவள் நான், என்று நான் சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியாது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் தமிழில் பேசுவது குறைந்துவிட்டது. தவறாக ஏதாவது சொல்லிவிடுவோம் என்ற பயம். அதைக் கொடுத்ததும் நான்தான். சோறு போட்டாச்சு வா என்றால்கூட ஆங்கிலத்தில் பதில் வருகிறது. நானும் வற்புறுத்துவதில்லை.

நானும் பல மாதம் ரேடியோவைத் திறக்கவில்லை. பிறகு ஒரு நாள், ஐப்பசி பிறந்ததும், கை தானாகத் திறந்தது.

8

போன செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. மதியம் பன்னிரண்டரை இருக்கும். வங்கக் கடலில் மறுபடியும் ஒரு காற்றழுத்தம், மறுபடியும் எங்கள் கரையை நோக்கி. முருகன் இந்த வருடமும் கொச்சியில்தான். நான் மும்பைக்காரியாகி மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். ராணியிடமிருந்து மிஸ்டு கால் வந்தது. உடனே திரும்பக் கூப்பிட்டேன்.

"அண்ணி, மையத்துல இருக்கோம். காலையிலேர்ந்து கரண்ட் இல்ல, நெட்டும் வரல. பேச மட்டும் முடியுது. ரேடியோவுல என்ன சொல்றாங்க?"

ஒரு வருடம் முன்னால் அவள் கையை ஒடித்தவளிடம், அவளாகவே கூப்பிட்டு, என்ன சொல்கிறார்கள் என்று கேட்கிறாள். நான் கேட்டிருந்தேன். தெளிவாகத்தான் கேட்டிருந்தேன். சொல்ல வாயைத் திறந்தால் எந்தச் சொல் மாறிவிடுமோ என்று பயம்.

"நான் சொல்லல ராணி. நீயே கேளு" என்று போனை மடிக்கணினியின் ஒலிபெருக்கியோடு சேர்த்து வைத்தேன்.

அவள் தன் போனின் சத்தத்தைக் கூட்டினாள் போலிருக்கிறது. "சத்தம் போடாதீங்கடி, கேளுங்க" என்று யாரோ அதட்டுவது கேட்டது. பிறகு ஒரே அமைதி. அவர்களுக்குப் பக்கத்து ஊரிலிருந்து புறப்பட்ட அந்தக் குரல் மும்பை வழியாக அயர்லாந்துக்கு வந்து, என் சமையலறை மேசையிலிருந்து திரும்பி அவர்களிடம் போனது. நான் மூச்சுக்கூடப் பலமாக விடவில்லை. மீனவர்களுக்கான எச்சரிக்கை முடிந்து ஏதோ பாட்டு ஆரம்பித்ததும் போனை எடுத்துக் காதில் வைத்தேன்.

"கேட்டியா?"

"கேட்டோம் அண்ணி. எல்லாரும் கேட்டோம். இன்னும் நேரம் இருக்குன்னுதான் சொல்றாங்க." பின்னால் யாரோ அவளிடம் ஏதோ கேட்டார்கள். "இப்ப காத்து ஒண்ணும் பெருசா இல்ல. கலா அக்காவும் இன்னும் ரெண்டு பேரும் ஆட்டை அவுத்து உட்டுட்டு வந்துடறோம்ங்கிறாங்க. போயிட்டு வந்துடலாமா? நீங்க என்ன சொல்றீங்க?"

சன்னலுக்கு வெளியே எங்கள் தெருவில் ஒரு பெண் நாயை நடத்திக்கொண்டு போனாள். நல்ல வெயில். அங்கே வானம் எப்படி இருக்கிறது, கடல் எந்த நிறத்தில் இருக்கிறது, எதுவும் எனக்குத் தெரியாது.

"எனக்குத் தெரியல ராணி" என்றேன்.

"என்னங்க அண்ணி?"

"எனக்குத் தெரியாது. நான் இங்க இருக்கேன். எனக்கு ஒண்ணும் தெரியாது."

இவ்வளவு வருடத்தில் ஊரில் ஒருவரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. பிறகு ராணி போனைக் காதிலிருந்து எடுக்காமலே அந்தக் கூடத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"அண்ணிக்கே தெரியலையாம். ஒருத்தரும் வெளிய போவாதீங்க."